பிள்ளைகள் எல்லா வேலையையும் தொட்டுப் பார்க்கட்டும்

ஒரு மீட்டர் பலகையை நான்கு சமத் துண்டாக அறுத்தால் ஒரு துண்டு எவ்வளவு? 25 சென்டிமீட்டர் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். இப்போது ரம்பத்தைக் கையில் கொடுத்து அறுக்கச் சொல்லுங்கள். மூன்று கோடு போட்டு, கோட்டின் மேலேயே அறுப்பார்கள். சேர்த்து வைத்து அளந்தால் ஒரு மீட்டர் வராது. ரம்பம் போகும் வழியில் மரம் தூளாகிவிடுகிறது. ஒரு வெட்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் போனாலும் மூன்று வெட்டுக்கு ஆறு. தச்சு கற்பவருக்கு இது ஆரம்பப் பாடம். பாடப்புத்தகக் கணக்கில் இந்தத் தூளுக்கு இடமே இல்லை. "எங்கே போச்சு?" என்று ஒரு பிள்ளை பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறதே, அதைப் படிப்பு என்று நாம் ஏன் சொல்வதில்லை?

படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் தொழில் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். எனக்கு இதில்தான் கோபம். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தொடாமல் பள்ளியை முடிக்கிறது. மற்ற பிள்ளைக்கோ தொழில் ஒரு தண்டனை மாதிரி வந்து சேர்கிறது.

தொழில் கல்வி என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சு பதறும். நியாயமான பதற்றம். 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்பு வெடித்தது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. கைவிட்டதுதான் சரி. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. நெசவாளியின் மகள் மோட்டாரைப் பிரித்துப் பார்க்கட்டும். அதிகாரியின் மகன் தறியில் உட்காரட்டும். அப்பா செய்யும் வேலையைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படட்டும்.

பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-லேயே கைவேலை பள்ளிப் பாடமானது. பிள்ளைகளைத் தச்சராக்குவது அவர் நோக்கமல்ல. கையும் கண்ணும் புத்தியும் சேர்ந்து வளர வேண்டும் என்பதுதான்.

கருவி வாங்கப் பணமில்லாத பள்ளியும் ஒன்றைச் செய்யலாம். பிளம்பர், செவிலியர், தையல்காரர், லாரி ஓட்டுநர் என்று வாரம் ஒருவரை அழைத்து, ஆசிரியரின் நாற்காலியில் உட்கார வைக்கலாம். சுவருக்குள் கசியும் இடத்தை பிளம்பர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? குழாயை ஒவ்வொன்றாக அடைத்து, கசிவு நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நெருங்குகிறார். ஆய்வுக்கூடத்தில் சொல்லித்தரும் முறையேதான் அது. வேலை எங்கே கற்றார், சம்பளம் போதுகிறதா, முதுகு வலிக்குமா என்றெல்லாம் பிள்ளைகள் கேட்கட்டும். தடுக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பிள்ளை செய்த பொருளை விற்று யாரும் காசு பார்க்கக் கூடாது. அப்புறம், இதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம். போட்டால் பலகையை வீட்டில் அப்பாதான் அறுத்துக் கொடுப்பார்.