அதே கேள்வியை அண்ணனிடமும் கேளுங்களேன்

முந்தாநாள் இரவு டிவியில் ஓடிய, சட்டமன்ற வேட்பாளர்கள் இருவரின் அந்த இரண்டு பேட்டிகளைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று காலையிலிருந்து அந்த நாற்பது விநாடித் துண்டு எனக்கு ஏழு வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது. ஏழிலும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை. சரி, எழுதிவிடலாம்.

பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே சேனல், ஒரே நெறியாளர், ஒரே தொகுதி. முதலில் அந்த அக்கா. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு டெபாசிட் கிடைக்குமா?" அடுத்தது, "யாரோட ஓட்டைப் பிரிக்க நிக்கிறீங்க?" மூன்றாவது, "நீங்க பிரசாரத்துக்கு வந்துட்டா வீட்ல சமையல் யாரு?" குடிநீரைப் பற்றி அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் "சுருக்கமா, சுருக்கமா". ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் தண்ணீர் வர வேண்டும் என்றார். "குடமா? லிட்டர்ல சொல்லுங்க மேடம்" என்றார் நெறியாளர். அக்கா மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, ஒரு தப்பான எண்ணைச் சொல்லி, திருத்தி, மறுபடி தடுமாறினார். அதுதான் அந்த நாற்பது விநாடி.

அப்புறம் நம் அண்ணன் வந்தார். "இந்த வயசுலயும் எப்படிண்ணே இவ்வளவு எனர்ஜி?" அண்ணன் சிரித்தார், நெறியாளரும் சிரித்தார். கம்பங்கூழ், நடைப்பயிற்சி, பேரன் பேத்தி என்று இருபது நிமிடம் இனிமையாகப் போனது. ஐந்து வருடமாக வெறும் தூணாக நிற்கும் அந்த மேம்பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடினமான கேள்வி கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள். அதே கேள்வியை அண்ணனிடமும் கேளுங்கள், அவ்வளவுதான். டெபாசிட் என்பது 10,000 ரூபாய், செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் போய்விடும். போனால் அக்காவின் பணம்தான் போகும். சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 40 லட்சம். ஊர் முழுக்கப் பந்தலும் தோரணமும் கட்டியிருக்கும் அண்ணனிடம் கணக்கு எங்கே நிற்கிறது என்று கேட்டிருக்கலாமே? வேட்பு மனுவோடு கொடுக்கும் படிவம் 26-ல் சொத்து, கடன், நிலுவை வழக்கு எல்லாவற்றையும் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடக்கிறது. அதை ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள அந்தச் சேனலில் ஒரு ஆள் இல்லையா?

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 2014 ஜனவரியில் டைம்ஸ் நவ்வில் அர்ணாப் கோஸ்வாமி ராகுல் காந்தியை உட்கார வைத்து, 1984 சீக்கியர் எதிர்ப்புக் கலவரத்துக்கு மன்னிப்புக் கேட்பீர்களா என்று விடாமல் துளைத்தார். நியாயமான கேள்வி. அதே அர்ணாப் 2016-ல் பிரதமர் மோடியின் எதிரே உட்கார்ந்தபோது அந்தக் குரல் எங்கே போனது? 2019 ஏப்ரலில், நமக்குத் தேர்தல் முடிந்து கிட்டத்தட்டப் பாதி நாட்டுக்கு இன்னும் முடியாத நேரத்தில், நடிகர் அக்‌ஷய் குமார் அவரிடம் மாம்பழம் சாப்பிடுவீர்களா, எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். 'அரசியல் இல்லாத' பேட்டியாம். அடுத்த மாதமே மோடி பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்து உட்கார்ந்தார், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் அமித் ஷாவைக் கைகாட்டினார். அந்த அக்காவுக்கும் ஒரு மாம்பழக் கேள்வி கொடுத்திருக்கலாம். அவர் ஊரில் பங்கனபள்ளி நன்றாக விளையும்.

உடனே ஒருவர் வருவார்: "ஜெயலலிதாவையே கரண் தாப்பர் விட்டாரா?" விடவில்லைதான். 2004-ல் பிபிசிக்காக எடுத்த பேட்டி அது. ஆனால் ஒன்று கவனியுங்கள், ஜெயலலிதா கடைசிவரை உட்கார்ந்து பதில் சொன்னார். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அதற்குத் திமிர் என்று பெயர். 2007-ல் குஜராத் கலவரத்தைப் பற்றி அதே கரண் தாப்பர் கேட்டதும் மோடி தண்ணீர் குடித்துவிட்டு மூன்றே நிமிடத்தில் எழுந்து போனார். அதற்குத் திமிர் என்று யாராவது பெயர் வைத்தார்களா?

"ஜெயிக்காத கட்சிக்கு எதற்கு நேரம்?" என்று இன்னொருவர். அப்படியென்றால் கூப்பிடாதீர்கள். விருந்துக்குக் கூப்பிட்டு இலையைப் போட்டு, சாப்பிட வந்தியா என்று கேட்பது எந்த ஊர்ப் பழக்கம்?

"கலைஞர் டிவியையும் ஜெயா டிவியையும் கேட்பாயா?" கேட்க மாட்டேன். அவை யார் பக்கம் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது, அதில் ஏமாற்று இல்லை. நடுநிலை என்று திரையின் அடியில் ஓட விடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

"நீ அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டாயா?" இதற்குப் பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன்: இல்லை. என் ஓட்டு அவருக்குப் போகாமலும் இருக்கலாம். எனக்கு வலிப்பது வேறு இடத்தில்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் சித்தி ஊராட்சித் தலைவருக்கு நின்றார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம். உள்ளூர் கேபிளிலிருந்து ஒரு பையன் மைக்கோடு வந்தான். சித்தி முதல் நாள் இரவே நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார்: எத்தனை கைப்பம்பு, அதில் எத்தனை ஓடுகிறது, மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது. இஸ்திரி போட்ட சேலையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் அவரைத் தாண்டிப் போய், டீத்தட்டோடு வந்துகொண்டிருந்த சித்தப்பாவிடம் மைக்கை நீட்டினான். "நீங்க பேசுங்கண்ணே, அக்கா பக்கத்துல நிக்கட்டும்." சித்தப்பா பாவம், "எனக்கென்னப்பா தெரியும், அவளைக் கேளு" என்றார். அன்றைக்கு இரவு கேபிளில் வந்தது சித்தப்பா வணக்கம் சொல்வது மட்டும்தான். அந்த நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சித்தி ஜெயித்தார், அது வேறு கதை. ஜெயித்த பிறகும் "தலைவர் வீட்ல இருக்காரா?" என்று வாசலில் சித்தப்பாவைத்தான் தேடினார்கள்.

2021-ல் நாம் 234 பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினோம். பெண்கள் 12 பேர். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது. அந்தக் கட்சியோடு எனக்கு நூறு சண்டை உண்டு. இருக்கட்டும், அந்த 117 பேரில் யாராவது ஒருவர் டிவியில் முழுதாக ஐந்து நிமிடம் பேசி நீங்கள் பார்த்தது உண்டா? நான் பார்த்ததில்லை.

சேனலை விடுங்கள். அவர்களுக்கு விளம்பரம் வேண்டும், அண்ணனின் கட்சி வேண்டும். அந்தத் துண்டை எனக்கு அனுப்பிய ஏழு பேரில் மூன்று பேர் என்னோடு படித்தவர்கள். ஒருவன் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். அவன்தான் முதலில் அனுப்பினான், கூடவே "இதெல்லாம் எம்எல்ஏ ஆகி..." என்று மூன்று புள்ளி. அண்ணனின் கம்பங்கூழை மட்டும் ஏன் யாரும் வெட்டி அனுப்பவில்லை, மச்சான்?

நேற்று இரவு சித்தி போன் செய்தார். அவருக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "அந்தப் பொண்ணு சொன்னதுல என்னடா தப்பு? ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்துல ஆளுக்கு 55 லிட்டர். நாலு குடம்தானே வருது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தம்பி குடம் தூக்கியிருக்க மாட்டாரு" என்றார்.