அமோனியாவுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க சார்

ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல நடந்த நீட் க்ளாஸ் வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, நான் வேற ஷேர் பண்ணல. "ப்ளஸ் இருந்தா எலக்ட்ரோஃபைல், மைனஸ் இருந்தா நியூக்ளியோஃபைல், மேட்டர் ஓவர்." க்ளாஸ் எடுத்த சார் சொன்னது, அதுக்குக் கைத்தட்டு வேற. எலக்ட்ரான் ஜோடியக் குடுக்கறது நியூக்ளியோஃபைல், வாங்கிக்கறது எலக்ட்ரோஃபைல், இதான் விஷயம்.

அமோனியாவுல ப்ளஸ் எங்க, மைனஸ் எங்க? ஒண்ணும் கெடையாது. ஆனா நல்ல நியூக்ளியோஃபைல், ஏன்னா நைட்ரஜன் மேல ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா உக்காந்திருக்கு, குடுக்கறதுக்கு. போரான் ட்ரைஃபுளோரைடுக்கும் சார்ஜ் இல்ல, போரானச் சுத்தி 6 எலக்ட்ரான்தான், 8 ஆக இன்னும் 2 வேணும்னு நிக்குது, அது எலக்ட்ரோஃபைல். அமோனியம் அயனிக்குப் பெருசா ப்ளஸ் இருக்கும், ஆனா அந்த நைட்ரஜன்ல 8-ம் ரொம்பிடுச்சு, வாங்கிப்போட எடமே இல்ல. சார் கணக்குல அது என்னவாம்?

நான் டியூஷன்ல வயல வச்சுத்தான் சொல்லுவேன். தண்ணி நிக்கிற வயல் நியூக்ளியோஃபைல், காஞ்சு கெடக்குற வயல் எலக்ட்ரோஃபைல், ரியாக்‌ஷன் எழுதும்போது எலக்ட்ரான் போற வழியக் காட்ட நாம போடுற அம்புதான் வாய்க்கா. பசங்க ப்ளஸ்லேர்ந்து அம்பு கெளப்புறாங்க பாருங்க, அது கடைமடையிலேர்ந்து மேட்டூருக்குத் தண்ணி அனுப்புற கத. வரப்புல என்ன போர்டு மாட்டியிருக்குன்னு பாக்காத, தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு. இத எத்தன தடவ வேணா சொல்லுவேன்.

"கெமிஸ்ட்ரில 45 கேள்வி, யோசிக்க ஏது நேரம்"னு வருவீங்க. சரி, சார்ஜ் இருக்கற ஹைட்ராக்சைடு, சயனைடு, நைட்ரோனியம் வரைக்கும் அந்த ஷார்ட்கட் ஓடும், ஒத்துக்கறேன். சார்ஜே இல்லாம எலக்ட்ரோஃபைலா நிக்கிற அசிட்டோன் வந்தா படுத்துடும். "உங்களுக்குப் பொறாமை"ம்பீங்க. மாடியில 9 பசங்கள வச்சு ஓட்டுறவனுக்கு மண்டபம் நெறைஞ்ச கூட்டத்தப் பாத்தா வராதா, வரும். அதுக்காக அமோனியாவுக்கு மைனஸ் மொளச்சிடுமா?

இதுல இன்னொரு கூத்து. 1933-ல இங்கோல்டுங்கற கெமிஸ்ட் நியூக்ளியோஃபைல், எலக்ட்ரோஃபைல்ங்கற பேர வைக்கறதுக்கு முன்னாடி லாப்வொர்த்ங்கற இன்னொரு கெமிஸ்ட் வச்ச பேரு கேட்டயனாய்டு, அனயனாய்டு. கேட்டயன்னா ப்ளஸ் அயனி, அனயன்னா மைனஸ் அயனி, சார்ஜ ஞாபகப்படுத்துற பேரு. அது வேணாம்னு மாத்தி இவ்ளோ வருஷம் ஆச்சு, நம்ம சார் மைக்கு பிடிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டாரு. தமிழ் மீடியம் புக்குல நியூக்ளியோஃபைலுக்கு கருக்கவர் பொருள், எலக்ட்ரோஃபைலுக்கு எலக்ட்ரான் கவர் பொருள்னு இருக்கும், யாருக்கு எது வேணும்னு பேரே சொல்லிடுது. ஆனா அதப் படிச்ச புள்ள எந்திரிச்சு "அமோனியாவுக்கு சார்ஜே இல்லியே சார்"னு கேட்டதுக்கு அவரு சொன்ன பதில் என்ன? "எந்த மீடியம்மா நீ?" மண்டபமே சிரிச்சுது.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்ங்க. காலேஜ் வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, வெளியிலேர்ந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் "தண்ணி எதுப்பா, நியூக்ளியோஃபைலா எலக்ட்ரோஃபைலா"ன்னாரு, சார்ஜ் இல்ல சார், ரெண்டும் இல்லன்னேன். நானும் இதே ப்ளஸ் மைனஸ் நோட்ஸ உருப்போட்டவன்தான். ஆக்சிஜன் மேல ரெண்டு ஜோடி இருக்கறது தெரியாம இல்ல, பாக்கத் தோணல. அவரு சிரிச்சாரு, லேப் அட்டெண்டரும் சேந்து சிரிச்சாரு, பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் காது சுட்டுது. அந்த வயசுல எனக்கு வராத கேள்விங்க அந்தப் புள்ள கேட்டது.

இதப் பெருசாக்காதீங்க, விளையாட்டாக் கேட்டதுன்னு நேத்து ஒருத்தர் மெசேஜ் போட்டாரு. அவ என்கிட்ட படிக்கிற புள்ள. திங்கள்லேர்ந்து டியூஷன் வரல. போன் பண்ணா அம்மாதான் எடுக்கறாங்க, "தலவலிங்குது சார்"ங்கறாங்க, நேத்தும் அதான், இன்னைக்கும் அதான்.