கல்லீரலுக்குத் தெரியவா போகிறது?

அண்ணன்: ஒரே ஒரு வாய்.

தங்கை: எனக்கு இருப்பதும் ஒரே ஒரு வாய்தான் அண்ணா. அதைத்தான் மூடி வைத்திருக்கிறேன்.

அண்ணன்: (டப்பாவைத் திறந்தபடி) க்ரீம் கேக்கம்மா. நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். கரைந்துவிட்டால் அது லிக்விட்தானே?

தங்கை: நாக்கில் கரைவதெல்லாம் லிக்விட் என்றால் எனக்கு ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது. இத்தனை வருடமும் லிக்விட் டயட்டில்தானே இருந்திருக்கிறேன்!

(எடை குறைக்கிற ஆபரேஷனுக்குத் தேதி குறித்து, லிக்விட் மட்டும் குடிக்கிறவர்கள் வீட்டுக்குக் கேக் டப்பாவோடு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லையே.)

அண்ணன்: சரி, பாலை ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றித் தருகிறேன். டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடு.

தங்கை: மிக்ஸி அரைக்கும், மன்னிக்காது. சர்க்கரை, மைதா, வெண்ணெய் எல்லாம் அப்படியேதான் இருக்கும். மெல்லுகிற வேலை மட்டும்தான் மிச்சமாகும். எனக்கு வேண்டியதே அந்த வேலைதான்.

அண்ணன்: எந்த வேலை?

தங்கை: மெல்லுகிற வேலை. இன்றைக்கு ஆறாவது நாள். ருசியைக்கூட மறந்துவிடலாம் போலிருக்கிறது, கடிப்பதை மறக்க முடியவில்லை. முந்தாநாள் தலையணை ஓரத்தைக் கடித்தேன். நேற்று பேனா மூடி. ராத்திரி தூக்கம் வராமல் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை நாவல் மாதிரி படித்தேன். ‘உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று முடிந்தது. கண் கலங்கிவிட்டது.

அண்ணன்: இப்படி உடம்பை வதைக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

தங்கை: டாக்டர் கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம். ப்ரோட்டீன் பவுடர் கலந்த பால், வடிகட்டிய சூப், தண்ணீர். ஒரு நாளைக்கு 800-லிருந்து 1000 கலோரிக்குள்.

அண்ணன்: அதுதான் எனக்குப் புரியவில்லை. எடை குறையத்தானே ஆபரேஷன்? அதற்கு முன்னாலேயே எடையைக் குறைத்துக்கொண்டு வா என்றால் என்ன அர்த்தம்? சலவைக்குப் போடுகிற துணியைத் துவைத்துக் கொண்டுவரச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

(இது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அண்ணன் கேட்டதில் இது ஒன்றுதான் நல்ல கேள்வி.)

தங்கை: எல்லாம் கல்லீரலுக்காக.

அண்ணன்: கல்லீரலிலும் கோளாறா? சொல்லவே இல்லையே!

தங்கை: கோளாறு இல்லை, கொழுப்பு. கல்லீரலின் இடது பக்கம் வயிற்றின் மேலேயே படுத்திருக்கிறது. சின்னத் துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு ஆபரேஷன் செய்வார்கள். கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையே கண்ணுக்குத் தெரியும். கொழுத்த கல்லீரல் கனக்கும், லேசாகப் பட்டாலும் ரத்தம் கசியும். மாவுச்சத்தைக் குறைத்து இரண்டு வாரம் இருந்தால் அது சுருங்கி வழிவிடும்.

அண்ணன்: கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல முடியாதா?

தங்கை: யாரை?

அண்ணன்: கல்லீரலை.

தங்கை: அதைத்தான் ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ அதற்குக் கேக் வாங்கி வந்திருக்கிறாய்.

அண்ணன்: ஒரு துண்டுதானே! கல்லீரலுக்குத் தெரியவா போகிறது?

தங்கை: அதற்குத்தான் முதலில் தெரியும். குடல் உறிஞ்சுகிற சர்க்கரை நேராக அங்கேதான் போகும்.

அண்ணன்: ராத்திரி சாப்பிட்டால்?

தங்கை: ராத்திரி சாப்பிட்டால் என்ன?

அண்ணன்: அது தூங்கின பிறகு.

தங்கை: கல்லீரல் தூங்காது. நான் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதுதான். இந்த வீட்டில் ராத்திரியும் வேலை பார்க்கிற ஒரே ஆள்.

அண்ணன்: கறாரான ஆளாக இருக்கும் போலிருக்கிறதே. பாதித் துண்டு?

தங்கை: தெரியும்.

அண்ணன்: கால்?

தங்கை: தெரியும்.

அண்ணன்: விரலில் தொட்டு க்ரீம் மட்டும்?

தங்கை: (கொஞ்சம் பொறுத்து) தெரியும்.

அண்ணன்: தயங்கினாயே!

தங்கை: நான்தான் தயங்கினேன். கல்லீரல் தயங்கவில்லை.

அண்ணன்: சரி விடு. எவ்வளவு குறைந்திருக்கிறாய்?

தங்கை: மூன்றரை கிலோ.

அண்ணன்: ஆறு நாளில் மூன்றரையா! இப்படியே இரண்டு மாதம் ஓட்டினால் ஆபரேஷன் எதற்கு? நானும் இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

தங்கை: குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு ஒரு கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்தால் கூடவே ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். அது செலவானால் தண்ணீரும் கிளம்பிவிடும். நான் இன்னும் இளைக்கவில்லை அண்ணா, வற்றிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், நீ சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன். டாக்டரிடம் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளாமல் இதை ஆரம்பித்தால் மயங்கி விழக்கூடும்.

அண்ணன்: அப்படியா?

தங்கை: ஆமாம். அது இருக்கட்டும், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவனுக்குக் கேக் கடையில் என்ன வேலை? நான் வேண்டாம் என்றால் இதை யார் சாப்பிடுவதாக ஏற்பாடு?

அண்ணன்: உணவை வீணாக்கக் கூடாது இல்லையா.

தங்கை: ஆறு நாளாக வீணாகாமல் பார்த்துக்கொண்டு வருகிறாய்.

அண்ணன்: பேச்சை என் பக்கம் திருப்பாதே. வாயைக் கட்டினால் எடை குறையும் என்று நீயே நிரூபித்துவிட்டாய். அதை விட்டுவிட்டு இப்படிக் குறுக்கு வழியில்...

தங்கை: குறுக்கு வழியா? இரைப்பையில் 75-லிருந்து 80 சதவீதம் வரை வெட்டி எடுப்பார்கள். மீதி ஒரு குழாய் மாதிரி நிற்கும், 100, 150 மில்லி கொள்ளும். ஆயுள் முழுக்க விட்டமின் மாத்திரை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, குடிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது குறுக்கு வழி. நேர் வழியில் நீ எவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்று உன் பெல்ட்டே சொல்கிறது.

(அண்ணன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறார்.)

அண்ணன்: வெட்டி எடுத்ததை என்ன செய்வார்கள்?

தங்கை: வேண்டுமா? இந்த டப்பாவைக் கழுவிக் கொடு, போட்டுத் தரச் சொல்கிறேன்.

அண்ணன்: சீச்சீ!

தங்கை: வெட்டி எடுக்கிற பகுதியில்தான் பசியைத் தூண்டுகிற க்ரெலின் என்கிற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

அண்ணன்: அதற்கு முன்னால் யாருக்கும் பசி எடுக்கவில்லையாக்கும்.

தங்கை: எடுத்தது. பெயர் தெரியாமல் எடுத்தது.

அண்ணன்: அப்படியானால் ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு ஆசையே வராது. கவலை விட்டது.

தங்கை: பசி குறையும். ஆசைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வெட்டி எடுக்க அது வயிற்றிலா இருக்கிறது? வயிற்றுப் பசிக்கு எதைக் கொடுத்தாலும் சம்மதம். மனப்பசி பெயர் சொல்லிக் கேட்கும். எனக்கு இப்போது வந்திருப்பது இரண்டாவது.

அண்ணன்: என்ன பெயர் சொல்கிறது?

தங்கை: (டப்பாவைப் பார்த்தபடி) சொல்ல மாட்டேன்.

அண்ணன்: எப்படித்தான் சமாளிக்கிறாயோ.

தங்கை: பல் தேய்க்கிறேன். பற்பசை வாசனை வாயில் இருந்தால் எதையும் சாப்பிடத் தோன்றாது. நேற்று ஏழு முறை தேய்த்தேன். இனிப்பாகவே குடித்துக் குடித்துத் திகட்டிவிட்டால் சூடாக, உப்பாக சூப். வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். முதல் மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்த பிறகு பசி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் வாய் நாறுகிறது.

அண்ணன்: அதனால்தான் இவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாயா?

தங்கை: இல்லை. உன் கேக்குக்காக.

அண்ணன்: பாவமாக இருக்கிறதம்மா. ஆசைப்பட்டதைச் சாப்பிடாமல் என்ன வாழ்க்கை, சொல்லு?

தங்கை: போன மாதம் எல்லோரும் கூடியிருந்தபோது நான் இரண்டாவது துண்டை எடுத்தேன். என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

அண்ணன்: என்ன சொன்னேன்?

தங்கை: ‘போதும், வாயைக் கட்டு’ என்றாய், பத்துப் பேர் முன்னால். சின்ன வயதிலிருந்து இதே பாட்டுதான். ஆறு நாளாக நிஜமாகவே கட்டியிருக்கிறேன். ஆறு நாளாக நீயேதான் வந்து வந்து அவிழ்க்கிறாய். நான் சாப்பிட்டாலும் உனக்குப் பொறுக்கவில்லை, சாப்பிடாவிட்டாலும் பொறுக்கவில்லை. என் தட்டைப் பார்க்காமல் உனக்கு ஒரு வேளையும் இறங்காதா?

(இப்படி ஒரு கேள்வி விழுந்தால் யாராவது பேச்சை மாற்றியாக வேண்டும்.)

அண்ணன்: அந்த டம்ளரில் என்ன?

தங்கை: என் மதியச் சாப்பாடு.

அண்ணன்: (ஒரு மடக்கு குடித்துவிட்டு) ...சுண்ணாம்பா?

தங்கை: வெனிலா.

அண்ணன்: யார் சொன்னது?

தங்கை: டப்பாவில் போட்டிருக்கிறது.

அண்ணன்: இதையா ஆறு நாளாக?

தங்கை: ஒரு நாளைக்கு நான்கு டம்ளர். அப்படியே வைத்துவிடாதே, குடித்து முடி. உணவை வீணாக்கக் கூடாது.

அண்ணன்: ஆபரேஷன் முடிந்தாலாவது உனக்கு விடுதலை உண்டா?

தங்கை: முடிந்த கையோடு, டம்ளருக்கு அந்தப் பக்கம் தெரிகிற லிக்விட் மட்டும்தான்.

அண்ணன்: அந்தப் பக்கம் என்ன தெரிய வேண்டும்?

தங்கை: என்ன வேண்டுமானாலும் தெரியலாம். நீ டப்பாவோடு தெரியக் கூடாது. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி, 30 மில்லி. அதையும் சொட்டுச் சொட்டாக, கால் மணி நேரம். ஸ்ட்ரா போட்டால் காற்று உள்ளே போகும், அதுவும் கூடாது. சோடா கூடாது. ஸ்டேப்ளர் பின் அடித்து இரைப்பையை மூடிய இடம் ஆறுகிற வரைக்கும் கெட்டியாக எதுவும் உள்ளே போகக் கூடாது. பிறகு கூழாக அரைத்தது, பிறகு மெத்தென்று வெந்தது. எதையாவது நறுக்கென்று கடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும்.

அண்ணன்: ஐஸ்கிரீம்? அது நிஜமாகவே கரையும்.

தங்கை: அதுதான் வம்பு. வயிறு சின்னதானாலும் கரைகிற இனிப்பு நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்ததே தெரியாது. இரைப்பையைச் சுருக்கிக்கொண்ட பிறகும் அதிலேயே எடை போடலாம்.

அண்ணன்: அதுவும் கல்லீரலுக்குத் தெரிந்துவிடுமா?

தங்கை: தெரியும்.

அண்ணன்: எல்லாம் தெரிந்த ஒருவரோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாயோ. சரி, கிளம்புகிறேன். கல்லீரலைக் கேட்டதாகச் சொல்.

தங்கை: டப்பாவை எடுத்துக்கொள்.

அண்ணன்: எடுத்துவிட்டேன்.

தங்கை: மூடியையும்.

அண்ணன்: எந்த மூடி?

தங்கை: நாற்காலிக்கு அடியில், செய்தித்தாளுக்குப் பின்னால், குப்புறக் கிடக்கிறது. இடது ஓரத்தில் க்ரீம் ஒட்டியிருக்கிறது.

அண்ணன்: குப்புறக் கிடக்கிறது என்கிறாய், க்ரீம் ஒட்டியிருப்பது எப்படித் தெரியும்?

தங்கை: நீ திறந்தபோதே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை.

(அண்ணன் மூடியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். கதவு சாத்துகிறது. ஒரு நிமிடம் சத்தமில்லை.)

தங்கை: (உள்ளேயிருந்து) நக்குகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது!