பூங்காச் செடியில் கை வைக்காதீர்கள்

“பூங்கா பொதுச்சொத்து, சாயங்காலம் புகை போட நொச்சியோ வேப்பிலையோ நாலு கொத்து ஒடித்தால் தப்பில்லை” என்று எழுதியிருக்கும் அண்ணனுக்கு: சிங்கப்பூரில் அது தப்புதான். பூங்காக்கள், மரங்கள் சட்டப்படி அனுமதியில்லாமல் இலை பறிப்பது குற்றம். பொதுப் பூங்காவில் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். புக்கிட் தீமா மாதிரி இயற்கைக் காப்பகம் என்றால் 50,000 வெள்ளி, ஆறு மாதச் சிறை வரை போகும். கொத்து சின்னதா பெரிதா என்பது கணக்கில்லை.

இயற்கையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. அதற்கு நொச்சியை வீட்டிலேயே தொட்டியில் வைக்கலாமே! முற்றிய குச்சி ஒன்றை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், வெயில் மட்டும் நன்றாக வேண்டும். தாழ்வாரத்தில் வைத்தால் நடைபாதையை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடமே இல்லையா? தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், நம் தேவைக்குத் தாராளம்.

அப்புறம், காயவைப்பது. இலைகளை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் வெளியே காய்ந்த மாதிரி தெரியும், நடுவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். நான் ஒருமுறை அதைத் தெரியாமல் தணலில் போட்டு, வீடெல்லாம் மக்கிய வாடை. முறத்தில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். காம்பை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

புகை போடும் இன்னொரு மூலிகையான வெள்ளை சேஜ் இங்கே காட்டில் கிடைக்கும் என்று அண்ணன் சொன்னதும் சரியில்லை. அது கலிபோர்னியா பக்கத்து வறண்ட நிலச் செடி.