17 இஞ்ச் அழகு

மச்சான் பேச்சைக் கேட்டு காரின் 15 இஞ்ச் வீலைக் கழற்றி 17 இஞ்ச் அலாய் வீல் மாட்டியது என் தப்புதான். பார்க்க அம்சமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி அரியாங்குப்பம் போவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. முன்பு 185/65 டயர், இப்போது 205/45. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். டயரின் பக்கச்சுவர் மட்டும் 120 மில்லிமீட்டரிலிருந்து 92க்கு இறங்கிவிட்டது. பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் குறைந்ததால் மிச்ச அடி முழுக்க என் முதுகெலும்புக்கு. வளைவில் வண்டி சொன்னபடி திரும்புமாம். முன்னால் டவுன் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ, இதில் எந்த வளைவில் நான் பறக்கப் போகிறேன்? பின்சீட்டில் பிளாஸ்க் காபியை மடியில் கொட்டிக்கொண்ட அம்மா, "பழைய சக்கரத்தை வித்துட்டியாடா?" என்கிறாள்.

விற்றுவிட்டேன். அதுவும் மச்சானிடமே.