ஆசாத்தின் அந்த 30 பக்கங்கள் பற்றி ஒரு திருத்தம்

சுதந்திரப் போராட்டத் தலைவர் மௌலானா ஆசாத்தின் நினைவுக் குறிப்பில் 30 பக்கங்களை இன்றுவரை அரசு பூட்டி வைத்திருக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், நிறைய பேர் பகிரவும் செய்கிறார்கள். அது சரியில்லைங்க. பூட்டி வைத்தது உண்மை, ஆனால் அது ஆசாத்தே எடுத்த முடிவு. மாலை நேரங்களில் அவர் உருதுவில் சொல்லச் சொல்ல எழுத்தாளர் ஹுமாயூன் கபீர் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய அந்த நினைவுக் குறிப்பு 'இந்தியா வின்ஸ் ஃப்ரீடம்' என்ற பெயரில் 1959-ல் வந்தபோது, சொந்த அபிப்பிராயங்கள் அடங்கிய ஏறக்குறைய 30 பக்கங்கள் மட்டும் விடுபட்டன. அவை முத்திரையிட்டு கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைக்கப்பட்டன. 1958-ல் ஆசாத் இறந்ததிலிருந்து எண்ணிய 30 ஆண்டு கெடு முடிந்து, நீதிமன்றம் வரை போய், 1988-லேயே பிரித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஓரியன்ட் லாங்மன் முழுப் பதிப்பையும் வெளியிட்டது, கடையில் கேட்டால் கிடைக்கும்.

சரிபார்க்க நினைத்தால் முதல் பதிப்பில் கபீரின் முன்னுரையைப் படியுங்கள், இந்த ஏற்பாட்டை அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் 1988 பதிப்பைப் பக்கத்தில் வைத்து ஒரே அத்தியாயத்தை இரண்டிலும் படித்துப் பாருங்கள். சேர்ந்த வரிகள் தனி அத்தியாயமாக இல்லை, புத்தகம் நெடுகிலும் அங்கங்கே கலந்திருக்கின்றன. அவ்வளவு யோசித்துத் தள்ளிவைத்த மனிதரின் வார்த்தைகளை, படிக்காமலே ரகசியம் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.