பூட்டிய கடைக்கு முற்பணம் கட்டாதீர்கள்

கிளிநொச்சிச் சந்தையில் பூட்டிக் கிடக்கும் கடைகளை இடித்துக் கட்டப்போகிறார்களாம், இப்பவே ஓர் இலக்கத்துக்கு முற்பணம் போட்டால் புதுக்கடை நிச்சயமாம் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிழை. பிரதேச சபைக் கடை அப்படிக் கைமாறாது. இடித்துக் கட்டினாலும் கரைச்சி பிரதேச சபை பகிரங்கமாகக் கேள்வி (டெண்டர்) கோரி, ஒப்பந்தம் எழுதித்தான் கொடுக்க வேண்டும். ஷட்டர் துருப்பிடித்து வாசலில் ஆடு படுத்திருந்தாலும் அந்தக் கடைக்கு வாடகைக்காரர் ஒருவர் இருக்கலாம். 2016 செப்டெம்பர் தீயில் எரிந்த சந்தை இது, அந்த வியாபாரிகளின் வயிற்றில் திரும்பவும் புளி கரைக்க வேண்டுமா? சந்தேகம் என்றால் சபையில் நேரே போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சரி, அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.